பிரசவத்துக்குப் புறப்படும் பை

சொந்த ஊரில் பிள்ளைப்பேற்றுக்காக மருத்துவமனைக்குச் செல்லும் பெண், தன்னோடு கொண்டுபோகும் பையைப் பற்றி அதிகமாகக் கவலைப்படுவதில்லை. மறந்துவிட்ட துண்டை எடுத்துவரத் தம்பி இருக்கிறான். நடு இரவில் வெந்நீர் வேண்டுமானால் அத்தை கொண்டுவருகிறாள். "முதல் பிரசவத்திலேயே இவளுக்கு உதிரப்போக்கு அதிகம், டாக்டர், இன்ன மருந்து இவளுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று எடுத்துச் சொல்ல அருகிலேயே தாய் நிற்கிறாள். பையில் இல்லாதது வீட்டில் இருக்கிறது. வீட்டில் இல்லாதது பக்கத்து வீட்டில் கிடைக்கிறது.

டில்லியில் கரோல்பாகிலோ, மும்பையில் தாராவியிலோ செம்பூரிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தின் நிலை இதுவன்று. அங்கே பெரும்பாலும் கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கிறார்கள். கணவன் பிரசவ வார்டின் வாயிலோடு நின்றுவிடவும் நேரிடுகிறது. உள்ளே மனைவி தனியே, தனக்குப் பழக்கமில்லாத மொழியில் கேட்கப்படும் கேள்விகளுக்கு, வலிக்கு நடுவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது தாயும் அத்தையும் தம்பியும் செய்யவேண்டிய வேலைகள் எல்லாம் ஒரு பையின் மேல் வந்து விழுகின்றன. ஆகவே வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பெண்ணின் பிரசவப் பை, துணிப் பையாக மட்டும் இருந்தால் போதாது. அவளுக்காகப் பேசும் பையாகவும் இருக்கவேண்டும். அதை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதை ஒழுங்காகப் பார்ப்போம்.

முன்பெல்லாம் மருத்துவச்சி வீட்டுக்கு வந்தாள். இப்போது நாம் மருத்துவமனைக்குப் போகிறோம். 2005–06-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டுப் பிரசவங்களில் 100-க்குச் சுமார் 39 மட்டுமே மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2019–21 ஆய்வில் அது ஏறக்குறைய 89 ஆக உயர்ந்தது. தாய்மாரின் உயிர் காக்கும் பெரிய மாறுதல் இது. ஆனால் வீட்டில் இருந்தபோது கைக்கெட்டிய தூரத்தில் இருந்த பொருள்களை எல்லாம் இப்போது முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

முதலில், எப்போது கட்டுவது? பிரசவ நாளைக் கணக்கிடும் முறை எளியது. கடைசியாக மாதவிலக்கான முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டவேண்டும். ஜனவரி 1-ஆம் தேதி என்றால் அக்டோபர் 8-ஆம் தேதி. மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். "பத்து மாதம் சுமந்து பெற்றாள்" என்று நம்மவர் சொல்வதும் இதுவே. 28 நாள் கொண்ட மாதமாக எண்ணினால் சரியாகப் பத்து மாதம் வருகிறது. ஆனால் குறித்த நாளில் பிறக்கும் குழந்தைகள் சிலவே. ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை 37 வாரம் நிறைவதற்கு முன்னரே பிறந்துவிடுகிறது. ஆதலால் 34-ஆம் வாரத்தில் பையைக் கட்டத் தொடங்கி, 36-ஆம் வாரத்துக்குள் முடித்துவிடவேண்டும். இரட்டைப் பிள்ளையை எதிர்பார்ப்பவர்களும், ரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்களும், முன்பு குறைமாதத்தில் பெற்றவர்களும் இன்னும் சில வாரம் முன்பாகவே முடித்துவைப்பது நல்லது.

அதற்கும் முன்பாகத் தீர்மானிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிரசவம் எங்கே? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துச் செல்வார்கள். டில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகிறது. அங்கிருந்து ஊருக்கு மேலும் ஓர் இரவு ஆகலாம். போவதென்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு காலத்தோடு போகவேண்டும். கடைசி மாதத்தில் இடைவழியில் வலி கண்டால், எந்த நிலையத்தில் இறங்குவது என்பதே பெரும் கேள்வியாகிவிடும். ரயிலில் கர்ப்பிணிகளுக்கென்று கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. மருத்துவச் சான்றைக் காட்டி அதைப் பெறலாம். தமிழ்நாட்டில் பிள்ளை பெறப் போகிறவர்கள் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்து, 'பிக்மி' எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அங்கே அந்த எண்ணைக் கேட்பார்கள். இருக்கும் ஊரிலேயே பிரசவம் என்று முடிவு செய்தாலும், எந்த மருத்துவமனை என்பதை முன்பே நிச்சயித்து, ஒருமுறையேனும் அங்கே பரிசோதனைக்குச் சென்று பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016-ஆம் ஆண்டிலிருந்து நாடெங்கும் இருக்கிறது. இடம் பழக அதுவே நல்ல வழி.

இனிப் பைக்கு வருவோம். முதலில் வைக்கவேண்டியது காகிதக் கட்டு. துணி குறைந்தால் கடையில் வாங்கலாம், இரவலும் கேட்கலாம். காகிதம் குறைந்தால் காலம் வீணாகும். பிரசவ அறையில் காலமே உயிர்.

நீர் புகாத உறை ஒன்றில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: தாய்-சேய் பாதுகாப்பு அட்டை, ஒவ்வொரு மாதமும் மருத்துவர் எழுதிய குறிப்புகள், ஸ்கேன் படங்களும் அறிக்கைகளும், ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி ஆகியவற்றின் சோதனை முடிவுகள்; முன்பு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் அதன் விவரச் சீட்டு; கணவன் மனைவி இருவரின் ஆதார் அட்டைப் படிகள்; காப்பீடு இருந்தால் அதன் அட்டை; வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கப் படி. எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நன்று. ஆயினும் கைபேசியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது; அது கணவனின் சட்டைப் பையோடு வாயிலுக்கு வெளியே நின்றுவிடக்கூடும்.

இவற்றில் ரத்த வகைச் சீட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. பிரசவத்தில் தாய்மார் இறப்பதற்குப் பெருங்காரணங்களில் ஒன்று உதிரப்போக்கு. அது சில நிமிடங்களில் பெருகிவிடும். ரத்தம் ஏற்றவேண்டி வந்தால் மருத்துவமனையில் மறுபடியும் சோதித்தே ஏற்றுவார்கள். என்றாலும் இன்ன வகை என்று முன்பே தெரிந்தால் ரத்த வங்கியில் தேடும் வேலையை உடனே தொடங்கலாம். ஊரில் என்றால் ரத்தம் கொடுக்கச் சித்தப்பாவும் மாமனும் ஓடிவருவார்கள். இங்கே அவ்வாறு அழைத்தால் வரக்கூடிய இருவரை, அண்டை அயலாரிலோ அலுவலக நண்பரிலோ, முன்பே கேட்டு வைத்து, அவர்களுடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் அந்த உறையிலேயே எழுதி வையுங்கள்.

ரத்த வகைக்குப் பின்னால் 'நெகட்டிவ்' என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் தேவை. தாய் ஆர்.எச். நெகட்டிவாகவும் குழந்தை பாசிட்டிவாகவும் இருந்தால், பிரசவத்தின்போது குழந்தையின் ரத்த அணுக்கள் சில தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. தாயின் உடல் அவற்றை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. அடுத்த குழந்தையின் ரத்தத்தை அந்த எதிர்ப்பொருள் அழிக்கத் தொடங்கும். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் 'ஆன்டி-டி' என்னும் ஊசி போட்டுக்கொண்டால் அந்த ஆபத்தைத் தடுக்கலாம். வருங்காலப் பிள்ளையின் நலம், இன்று உறையில் இருக்கும் ஒரு சிறு சீட்டைப் பொறுத்திருக்கிறது.

காகிதக் கட்டின் மேலே ஒரே ஒரு தாள் இருக்கட்டும். அதை ஆங்கிலத்திலும் அந்த மாநில மொழியிலும் எழுதுவிக்க வேண்டும். பெண்ணின் பெயர், வயது, கணவன் பெயர், வீட்டு முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள், கடைசி மாதவிலக்குத் தேதி, பிரசவத்துக்குக் குறித்த தேதி, எத்தனையாவது கர்ப்பம், முன்பு சிசேரியன் உண்டா, இப்போது சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாத மருந்து, ரத்த வகை: இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரையோ அலுவலக நண்பரையோ கொண்டு எழுதி வாங்கலாம். ஊரில் தாய் நின்று சொல்லும் சொற்களை இங்கே இந்தத் தாள்தான் சொல்லப்போகிறது.

தாள் சொல்ல முடியாததை வாய் சொல்லவேண்டும். அதற்குச் சில சொற்களைப் பழகிக்கொள்வது நல்லது. 'ரத்தம்' என்ற சொல்லைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தியில் 'கூன்' என்பார்கள். ஆனால் 'ரக்த்' என்றாலும் புரியும். மராத்தியில் 'ரக்த', வங்காளியில் 'ரக்தோ', கன்னடத்தில் 'ரக்த', தெலுங்கில் 'ரக்தம்'. நாடெங்கும் சிறிது மாறி ஒலிக்கும் ஒரே சொல் அது. 'வலி' என்ற நம் சொல்தான் எங்கும் புரியாது. இந்தியில் 'தர்த்', மராத்தியில் 'துக்தே', வங்காளியில் 'ப்யதா', கன்னடத்தில் 'நோவு', தெலுங்கில் 'நொப்பி'. தலை சுற்றுகிறது என்பதற்கு இந்தியில் 'சக்கர்'. குழந்தை அசையவில்லை என்பதற்கு 'பச்சா ஹில் நஹீ ரஹா'. இவற்றைத் தமிழ் எழுத்திலேயே ஒரு சீட்டில் எழுதி, தாளோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது தாயின் பொருள்கள். முன்புறம் திறக்கும் பருத்தி உடைகள் மூன்று அல்லது நான்கு இருந்தால் பால் கொடுப்பதற்கு வசதி. பிரசவத்துக்குப் பின் உதிரம் பல நாள் கசியும். முதல் சில நாள் மிகுதியாகவே இருக்கும். எனவே பெரிய அளவு சானிடரி நாப்கின்கள் இரண்டு கட்டேனும் வேண்டும். உள்ளாடைகளும் அதற்கேற்பத் தளர்வாக இருக்கட்டும். இரண்டு துண்டு, ஒரு படுக்கை விரிப்பு, ஒரு போர்வை, வழுக்காத செருப்பு, சோப்பு, பற்பசை, சீப்பு, தலைமுடி கட்ட நாடா, வெந்நீர்க் குடுவை, ஒரு தம்ளர், ஒரு தட்டு, ஒரு கரண்டி ஆகியவை போதும். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதை மறக்கக் கூடாது. நகப்பூச்சு இருந்தால் முன்பே நீக்கிவிடுங்கள்; ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அளக்கும் கருவியை விரல் நுனியில்தான் மாட்டுவார்கள். ரத்த அழுத்தத்துக்கோ தைராய்டுக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுபவர்கள், அந்த மருந்தை அதன் அட்டையோடும் சீட்டோடும் எடுத்துச் செல்லவேண்டும்.

உணவைப் பற்றி ஒரு சொல். வலி கண்டதும் "தெம்பாக இருக்கட்டும்" என்று வயிறு நிறையக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். திடீரென்று அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், நிறைந்த வயிறு மயக்க மருந்து கொடுக்கும்போது ஆபத்தாகலாம். மருத்துவமனைக்குச் சென்றபின் எதையும் கேட்டுவிட்டே உண்ணவேண்டும். பையில் இருக்கும் பிஸ்கட்டும் பேரீச்சம்பழமும் பிரசவத்துக்குப் பிறகு பயன்படட்டும்.

குழந்தையின் பொருள்களுக்குத் தனிப் பை வேண்டும். நம்மவர் பழைய வேட்டியையும் பருத்திப் புடவையையும் கிழித்துக் குழந்தைக்குத் துணி செய்வது நல்ல வழக்கமே. பலமுறை துவைத்த துணி மென்மையாக இருக்கும். ஈரத்தை நன்றாக உறிஞ்சும். அவற்றைச் சோப்பில் துவைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுச் சுத்தமான பையில் கட்டி வைக்கவேண்டும். இடுப்புத் துணி இருபதுக்குக் குறையாமல் இருக்கட்டும். முன்புறம் முடிச்சிடும் பருத்திச் சட்டை ஆறு, குல்லாய் இரண்டு, காலுறை இரண்டு சோடி, குழந்தையைத் துடைக்கவும் சுற்றவும் கனமான பருத்தித் துண்டு நான்கு, ஒரு கம்பளி. இவை போதுமானவை.

இங்கே தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வடக்கே வந்தவர்கள் இரண்டு விஷயங்களை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது குளிர். பிறந்த குழந்தை தாயின் உடற்சூட்டிலிருந்து ஈரத்தோடு வெளியே வருகிறது. அதன் எடைக்கு அதன் தோலின் பரப்பு அதிகம். ஆகவே வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. டில்லியின் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை ஐந்து டிகிரிக்கும் கீழே போவதுண்டு. நம் ஊரில் ஒரு துண்டு செய்யும் வேலைக்கு அங்கே மூன்று அடுக்கு வேண்டும். உடலை ஒட்டிப் பருத்தியும் அதன்மேல் கம்பளியும் இருக்கவேண்டும். பெரியவருக்கு வேண்டியதைவிட ஓர் அடுக்கு கூடுதல் என்பது நல்ல அளவுகோல். வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் சரி. வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குழந்தைக்குக் குளிர்கிறது என்று பொருள். எல்லாக் கம்பளியையும்விட மேலானது தாயின் மார்பு. குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து மேலே போர்த்துவதை மருத்துவர்களே இன்று வற்புறுத்துகிறார்கள். முதல் நாள் குளிப்பாட்டவே வேண்டாம். குறைந்தது 24 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். மே மாதத்து வெயிலில் இதற்கு மாறாக, கம்பளியால் சுற்றிக் குழந்தையைப் புழுங்க வைக்கவும் கூடாது.

இரண்டாவது, அந்தக் கம்பளியை நாம் பாதுகாக்கும் முறை. வடக்கே கோடை தொடங்கியதும் கம்பளித் துணிகளைப் பெட்டியில் வைத்துப் பூச்சி அரிக்காமல் பாச்சை உருண்டை போடுவது வழக்கம். அந்த வெள்ளை உருண்டையில் நாப்தலீன் இருக்கிறது. சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இக்குறை மிகுதி. அத்தகைய குழந்தை நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தால் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை உண்டாகக்கூடும். எந்தக் குழந்தைக்கு இக்குறை உண்டு என்பது பிறந்தவுடன் பார்த்துத் தெரிவதில்லை. ஆகவே உருண்டையோடு கிடந்த கம்பளியைப் பச்சிளங் குழந்தைக்கு அணிவிக்க வேண்டாம். அண்ணன் அக்காளின் பழைய உடைகளை எடுத்து வைப்பவர்கள் காய்ந்த வேப்பிலையோடு வைத்துக்கொள்ளலாம்.

எடுத்துச் செல்லக் கூடாத பொருள்களும் சில உண்டு. முதலில் பால் புட்டியும் பால் மாவும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கவேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவில் சிறிதாயினும் நோய் தடுக்கும் ஆற்றல் நிறைந்தது. பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. அதற்கு அவ்வளவே போதும். பால் மாவையும் புட்டியையும் விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அடுத்தது தேனும் சீனித் தண்ணீரும். நம்மவர் பெரியவர் ஒருவரைக் கொண்டு 'சேனை' வைப்பதுண்டு. வடக்கே அண்டை வீட்டார் அன்போடு 'குட்டி' கொண்டுவந்து கொடுப்பார்கள். இரண்டும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்துகள் நீங்கலாக, தண்ணீரும் வேண்டியதில்லை. கண்மை, தொப்புளில் வைக்கும் பொடி, எண்ணெய் இவையும் பையில் வேண்டாம்; தொப்புள் கொடி தானே உலர்ந்து விழட்டும். நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

துணைக்குச் செல்பவருக்கும் ஒரு சிறு பை தேவை. மாற்றுடை, தண்ணீர், சில்லறைப் பணம், கைபேசி மின்னூட்டி, பேனா ஆகியவை போதும். பிரசவ அறையில் பெண்ணோடு ஒரு துணை இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ஆம் ஆண்டில் அரசு மருத்துவமனைகளுக்கு அனுமதி அளித்தது. அத்துணை பெண்ணாக இருப்பதும், தானும் பிள்ளை பெற்றவராக இருப்பதும் விரும்பத்தக்கது. ஊரிலிருந்து தாய் வர இயலாவிட்டால், அந்த மாநில மொழி தெரிந்த தமிழ்ப் பெண்மணி ஒருவரை, அல்லது பழகிய அண்டை வீட்டு அம்மையாரை, முன்பே கேட்டு வையுங்கள். இத்தகைய உதவியை மறுப்பவர் அரிது. முன்கூட்டிக் கேட்கத் தயங்குபவர்தாம் பலர்.

செலவைப் பற்றியும் தெளிவு வேண்டும். வெளி மாநிலத்தார் என்பதால் அரசு மருத்துவமனையில் சலுகை கிடையாது என்று பலர் எண்ணி, கடன் வாங்கிக்கொண்டு அலைகிறார்கள். 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரட்சா திட்டத்தின்படி, அரசு மருத்துவ நிலையத்தில் பிள்ளை பெறும் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பிரசவமும், தேவைப்பட்டால் சிசேரியனும், மருந்தும், சோதனையும், ரத்தமும் இலவசம். சுகப்பிரசவத்துக்கு மூன்று நாளும் சிசேரியனுக்கு ஏழு நாளும் உணவும் உண்டு. வீட்டிலிருந்து வருவதற்கும் திரும்பிச் செல்வதற்கும் வாகனமும் உண்டு. 102 அல்லது 108 என்ற எண்களில் உங்கள் மாநிலத்தில் எது என்று முன்பே கேட்டு, அந்தத் தாளில் எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வரும் வழியை ஓட்டுநருக்கு அவர் மொழியில் சொல்ல, அருகில் உள்ள அடையாளம் ஒன்றையும் எழுதி வையுங்கள்.

எப்போது பையை எடுத்துக்கொண்டு புறப்படுவது? வலி ஒழுங்கான இடைவெளியில் வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போனால் புறப்படலாம். ஆனால் பனிக்குடம் உடைந்தாலும், உதிரம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், கடும் தலைவலியோடு கண் மங்கினாலும், வலிப்பு வந்தாலும், காய்ச்சல் கண்டாலும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே புறப்படவேண்டும். அந்த நேரத்தில் பை கைக்கு வராவிட்டால் காகித உறையை மட்டுமேனும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

குழந்தை பிறந்து வீடு திரும்பும்போது அந்த உறையில் மேலும் சில காகிதங்கள் சேரவேண்டும். பிறந்தவுடன் போடவேண்டிய காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்துக்குள் போடவேண்டிய ஹெபடைடிஸ்-பி ஊசி ஆகியவை அட்டையில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும் சீட்டில் குழந்தையின் எடையும், பிறந்த நேரமும், மறுபடி வரவேண்டிய தேதியும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட நெடுநாள் பயன் தருவது பிறப்புப் பதிவு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரில்தான் பிறப்பு பதிவாகும். பெற்றோரின் சொந்த ஊரில் அன்று. பதிவுக்கான கெடு 21 நாள். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பவேண்டும். அந்தப் படிவத்தில் பெற்றோர் பெயர், சேர்க்கும்போது எழுதிய சீட்டைப் பார்த்தே எழுதப்படுவது வழக்கம். சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. நம் பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கிறது. வடக்கே படிவம் குடும்பப் பெயரைக் கேட்கிறது. நாம் வாயால் சொல்லும் 'ழ'கரமும் 'ற'கரமும் வேறு மொழி எழுத்தரின் கையில் எவ்வாறோ உருமாறுகின்றன. தந்தையின் ஆதாரில் ஒரு விதமாகவும், குழந்தையின் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயர் அமைந்துவிடுகிறது.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பலவற்றிற்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே அந்த ஓர் எழுத்துப் பிழை சிறிய விஷயமன்று. மாற்றலாகி வேறு ஊருக்குப் போனபின் அதைத் திருத்த, விடுப்பு எடுத்து, ரயிலேறித் திரும்பி வரவேண்டியிருக்கும். இதற்கு மருந்தும் அந்தப் பையிலேயே உண்டு. தாய் தந்தை இருவர் பெயரையும், முதலெழுத்தை விரித்து, ஆதாரில் உள்ளவாறே ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி, சேர்க்கும் இடத்திலேயே அதைக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். வீடு திரும்புமுன் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். குழந்தைக்குப் பெயர் தீர்மானிக்கவில்லையே என்று பதிவை நிறுத்தவேண்டியதில்லை. பெயரில்லாமலே பதிந்துவிட்டு, பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். தாத்தா பாட்டியைக் கேட்டு, நாள் பார்த்துப் பெயர் வைக்க அவகாசம் தாராளமாக இருக்கிறது.

பையைக் கட்டியபின் அதைக் கட்டிலுக்கடியிலோ பரண்மேலோ வைக்காதீர்கள். வாசற்கதவின் அருகே வையுங்கள். உள்ளே என்னென்ன எங்கே இருக்கின்றன என்பதைக் கட்டியவர் மட்டும் அறிந்தால் போதாது. கணவன் ஒருமுறை அதைத் தன் கையால் அவிழ்த்து, மறுபடி கட்டிப் பார்க்கவேண்டும். துணைக்கு வருபவருக்கும் காகித உறை எது என்று காட்டிவிடுங்கள். எட்டாம் மாதம் நடக்கும் வீடுகளில், வருகிற ஞாயிற்றுக்கிழமையே அந்த ஒரு தாளை எழுதித் தொடங்கலாம். துணிகளை மறுநாள் துவைத்துக்கொள்ளலாம்.